மனு போட்டால் மாஸ்டர் பிளான் மாறுமா?

எங்கள் தெருவை ஒட்டிய ஏரிக்கரைப் புறம்போக்கை வீட்டுமனைப் பகுதியாக மாற்றப் போகிறார்களாம். எல்லாம் மேலேயே முடிவாகிவிடும், மனு போட்டு என்ன பயன் என்கிறார் என் கணவர். உண்மையா?
– வாசகி, தாம்பரம்

பாதி உண்மை. நாம் பேசாமல் இருந்தால் முழு உண்மையாகிவிடும்!

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல மக்களுக்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு நாளிதழிலும் வரும். பொடி எழுத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே. நம்மில் பலர் அந்தப் பக்கத்தை வடைக்கு அடியில்தான் பார்த்திருப்போம்.

முதலில் அந்த நிலத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானில் அது எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்தில் பாருங்கள். "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லும் மனுவை அதிகாரிகள் ஓரமாக வைத்துவிடலாம். சர்வே எண், கிராமத்தின் பெயர், போன மழையில் தண்ணீர் நின்ற இடத்தின் தேதியிட்ட படம் மூன்றும் உள்ள மனுவை அப்படித் தள்ள முடியாது. சி.எம்.டி.ஏ. அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இன்னொரு வாசல், நகர வார்டுகளில் மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபா. 2022 நவம்பர் 1 அன்று உங்கள் பக்கத்துப் பம்மலில் நடந்த சபாவில் முதல்வரே உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். கூட்டத்தில் ஒரு கை கூடும்.