காலண்டர் ஆர்டர் படிவம்: நான்கு வழிகளில் எது எதற்கு?

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, வரும் ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கலில், வெளியூர்ப் பார்ட்டிகளுக்காக ஓர் அச்சகம் இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் நிரப்பியதை பிரவுசர் எப்படி சர்வரிடம் சேர்க்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். பார்ட்டி என்ன வேலைக்கு வந்திருக்கிறாரோ, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தால் போதும்.

 

தேடிப் பார்க்க: கெட்

‘முருகன் படம், மாத காலண்டர்’ என்று தேடுபவருக்கு கெட் முறையே சரி. கேட்டதெல்லாம் பக்க முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதால், அந்த இணைப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். தமிழ் எழுத்து மட்டும் முகவரியில் நீண்டுவிடும். ‘திருத்தங்கல்’ என்ற சொல் யூனிகோடில் 12 குறிகள். குறிக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாற, மொத்தம் 108.

படிவத்தில் முறையைக் குறிப்பிடாமல் விட்டால் பிரவுசர் கெட் என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது பார்ட்டியின் போன் நம்பரும் முகவரியில் ஏறி, பிரவுசர் வரலாற்றிலும் சர்வர் பதிவேட்டிலும் தங்கிவிடும்.

ஆர்டர் கொடுக்க: போஸ்ட்

பெயர், போன், எண்ணிக்கை எல்லாம் போஸ்ட்டில்தான் போக வேண்டும். இதில் தகவல் முகவரியில் தெரியாது. ஆனாலும் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் வழியில் இருப்பவர் படித்துவிட முடியும். போஸ்ட் மட்டும் பூட்டு ஆகாது.

அனுப்பிய பக்கத்தைப் புதுப்பித்தால் அதே ஆர்டர் மறுபடி போகக்கூடும். 1,000 காலண்டர் 2,000 ஆகிவிடும். ஆர்டரைப் பெற்றதும் சர்வர் 303 என்ற பதிலோடு ‘ஆர்டர் கிடைத்தது’ பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

டிசைன் அனுப்ப: மல்டிபார்ட்

இதுவும் போஸ்ட்தான், மூட்டை கட்டும் விதம் வேறு. மல்டிபார்ட் என்று குறிப்பிடாத படிவத்தில் கோப்பின் பெயர் மட்டும் வந்து சேரும், டிசைன் வராது.

அச்சகத்துக்கு அளவும் முக்கியம். 300 டிபிஐ-யில் நான்கு நிற ஏ4 பக்கம் ஒன்று, சுருக்காத நிலையில் சுமார் 3.5 கோடி பைட். என்ஜின்எக்ஸ் சர்வரின் இயல்பு வரம்போ 1 எம்பி, சர்வரில் ஓடும் பிஎச்பி மொழி ஏற்கும் கோப்புக்கு 2 எம்பி. இரண்டையும் உயர்த்தாவிட்டால் பார்ட்டியின் திரையில் பிழைதான் வரும்.

விலை காட்ட: ஜேசான்

எண்ணிக்கையை மாற்றியதும் பக்கம் மாறாமல் விலை தெரிய வேண்டுமா? ஜாவாஸ்கிரிப்ட் வழியே, ஜேசான் என்ற உரை வடிவில் தகவலை அனுப்பலாம். எழுத்துக்கும் எண்ணுக்கும் இது கச்சிதம். கோப்பை இதற்குள் திணிக்க பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கினால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஸ்கிரிப்ட் இறங்காத போனில் பொத்தானே வேலை செய்யாது. அதனால் ஆர்டரைச் சாதாரணப் படிவத்திலேயே வைப்பது நல்லது.

எந்த வழியானாலும் விலையை சர்வரே மறுபடி கணக்கிட வேண்டும். மறைகட்டத்தில் 60 ரூபாய் என்று வைத்ததை, டெவலப்பர் கருவி திறக்கத் தெரிந்த எவரும் 6 என்று மாற்றி அனுப்பலாம். படிவத்தில் டிக் அடிக்காத பெட்டியும், பெயர் சூட்டாத கட்டமும் சர்வருக்கு வரவே வராது.

தளத்தைத் திறந்துவிடும் முன் கடைப் பெயரைத் தமிழில் தட்டி, 30 எம்பி டிசைனைச் சேர்த்து, போன் டேட்டாவில் ஓர் ஆர்டர் அனுப்பிப் பார்க்க வேண்டும். பிறகு கணினியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்து, அதே ஆர்டரை அங்கிருந்தும் அனுப்பினால், எந்தக் கட்டம் எந்தப் பெயரில் போனது, சர்வர் 303 சொன்னதா 413 சொன்னதா என்பது வரிவரியாகத் தெரியும். 413 என்றால் கோப்பு வரம்பை மீறிவிட்டது. உயர்த்த வேண்டியது சர்வர் அமைப்பில்.