நாலுக்கு மேலே ஜி.பி.ஏ.வா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் பதினோராம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு ஜி.பி.ஏ. 4.3 என்கிறார்கள். மொத்தமே 4 தானே?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: குழப்பம் நியாயமானதே, அம்மா. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று புள்ளி போட்டு எடுக்கும் சராசரிதான் ஜி.பி.ஏ. ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) போன்ற கடினமான பாடங்களுக்குப் பல பள்ளிகள் ஒரு புள்ளி கூட்டித் தருகின்றன. அந்தப் பாடங்களில் ஏ வாங்கினால் 5; அதனால் சராசரி நாலைத் தாண்டலாம்.

ஆனால் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களை உள்ளடக்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மாணவர் சேர்க்கையின்போது பள்ளி தரும் எண்ணை அப்படியே ஏற்பதில்லை. பத்து, பதினோராம் வகுப்புகளின் குறிப்பிட்ட பாடங்களை மட்டும் கணக்கிடுகிறது. கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டர் கிரேடுகளுக்கு மேல் கிடையாது. பி பிளஸ்ஸும் பி மைனஸும் அங்கே ஒன்றுதான். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண்கள் வருவது இதனால்தான். எண் குறையுமே என்று கடினமான பாடத்தை மட்டும் விடச் சொல்லாதீர்கள். எதைப் படித்தாள் என்பதையும் பார்க்கிறார்கள்.