செங்கல் தூளும் பதினேழு வயதும்

டென்னிஸைப் பற்றிப் பேச்சு எழுந்தால், நம் விடுதி நண்பர்கள் பெரும்பாலும் விம்பிள்டன் புல்தரையைப் பற்றியே பேசுவர். இடிபோல் இறங்கும் சர்வீஸ், வலையருகே பாய்ந்து சென்று அடிக்கும் அடி, இரண்டு மூன்று வீச்சுகளில் முடிந்துவிடும் புள்ளி, இவையே டென்னிஸ் என்பது பலர் கருத்து. யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். பாரிஸ் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பிரெஞ்சுப் போட்டியின் வரலாற்றைச் சிறிது கற்ற பின்னரே, தரை மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது என்பது எனக்கு விளங்கிற்று. இதற்கு நல்ல சான்று, 1982ஆம் ஆண்டில் பதினேழு வயது இளைஞர் ஒருவர், களிமண் தரையில் பழுத்த ஆட்டக்காரர் நால்வரை ஒருவர்பின் ஒருவராக வென்ற வரலாறு.

முதலில் தரையைப் பார்ப்போம். களிமண் தரை என்று பெயர் வழங்கினாலும், பாரிஸில் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவது களிமண் அன்று. செங்கல்லை இடித்துச் சலித்த தூள். பழைய வீடு கட்டிய கொத்தனார்கள் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கியை அறிந்தவர்க்கு இது புதிய பொருளாகத் தோன்றாது. 1928இல் கட்டப்பட்ட ரோலான் காரோ அரங்கில் இத்தூள் ஓரிரு மில்லிமீட்டர் கனமே பரப்பப்பட்டிருக்கும். அதன் கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே எரிந்த நிலக்கரியின் கசடு, அடியில் சரளைக்கல். இத்தரை பிறந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1880ஆம் ஆண்டையொட்டி, ரென்ஷா என்னும் ஆங்கிலேயச் சகோதரர் இருவர், பிரான்சின் தென்கரையில் உள்ள கான் நகரில் வெயிலால் புல் கருகுவதைக் கண்டு, உடைந்த மண்தொட்டிகளைப் பொடியாக்கித் தூவினராம். கதை எப்படியாயினும், இன்று அத்தூளே ஒரு தனி ஆட்டமுறையை வளர்த்துவிட்டது.

புல்லில் விழும் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக ஓடும். செங்கல் தூளில் விழும் பந்தை உராய்வு பிடித்து நிறுத்துகிறது, வேகம் குறைகிறது, பந்து உயரமாக எழுகிறது. எதிரிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு நொடியில் சிறு பகுதிதான். ஆயினும் இரண்டு அடி கூட ஓடிப் பந்தை எடுப்பதற்கு அதுவே போதும். ஆகவே புல்லில் புள்ளியை முடித்துவைக்கும் அதே அடி, இங்கே மீண்டும் வலையைக் கடந்து திரும்பி வருகிறது. சர்வீஸை மட்டும் நம்பி வந்தவன் இங்கே ஏறக்குறையக் கையில் படைக்கலம் இல்லாதவன். பந்தின் மேற்புறத்தைத் தேய்த்து அடித்தால் அது முன்னோக்கிச் சுழன்று, வலைக்கு மிக உயரத்தில் சென்றாலும் கோட்டுக்குள் இறங்கும். இறங்கியபின் எதிரியின் தோளளவு எழும். இவ்வாறு அடித்துக்கொண்டே, எதிரி தவறும்வரை காத்திருப்பதே களிமண் தரையின் கல்வி.

இன்னொன்றும் உண்டு. விழுந்த பந்து தூளில் தன் தடத்தைப் பதித்துவிட்டுப் போகும். ஐயம் எழுந்தால் நடுவர் தம் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அத்தடத்தைக் குனிந்து பார்ப்பது இத்தரைக்கே உரிய காட்சி.

இக்கல்வியில் ஈடற்றவராக விளங்கியவர் சுவீடன் நாட்டு பியோர்ன் போர்க். 1974 முதல் 1981 வரை ஆறு முறை பிரெஞ்சுப் பட்டம் பெற்றவர். 1982இல் அவர் பாரிஸுக்கு வரவில்லை. அரியணை வெறுமையாக இருந்தது. யார் ஏறுவார் என்ற கேள்விக்கு விடையாகப் பலர் பெயர் சொல்லப்பட்டது. அதே நாட்டு மாட்ஸ் விலாண்டரின் பெயரைச் சொன்னவர் அரியர். முந்திய ஆண்டு அங்கே சிறுவர் பட்டம் வென்றிருந்தார் என்பதைத் தவிர, அவருக்கு வேறு பெருமை இல்லை. தரவரிசைப்படி முன்னிடம் தரப்பட்டவர்களின் பட்டியலிலும் அவர் இல்லை.

நான்காம் சுற்றில் எதிர்ப்பட்டவர் இவான் லெண்டில், முந்திய ஆண்டு இறுதியாட்டத்தில் போர்க்கை ஐந்து செட் வரை இழுத்தவர், பட்டியலில் இரண்டாமவர். விலாண்டர் முதல் செட்டையும் மூன்றாம் செட்டையும் இழந்தார். இருந்தும் 4–6, 7–5, 3–6, 6–4, 6–2 என்று வென்றார். கடைசி இரண்டு செட்டின் எண்களைக் கவனியுங்கள். ஆட்டம் நீள நீளத் தளர்ந்தவர் இளைஞர் அல்லர். அடுத்து, ஐந்தாமவரான விட்டாஸ் ஜெரூலைட்டிஸ் நான்கு செட்டில் வீழ்ந்தார். அரையிறுதியில் நின்றவர், பட்டியலில் நான்காமவரான அர்ஜென்டினாவின் ஹோசே லூயி கிளெர்க்.

அந்த ஆட்டத்தின் முடிவைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நான்காம் செட்டில் விலாண்டர் 6–5 என்று முன்னணியில் இருந்தார்; இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் வெற்றி. கிளெர்க் அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. வெளியே என்று கோட்டு நடுவர் கூவினார். ஆட்டம் முடிந்தது என்று தலைமை நடுவரும் அறிவித்தார். கிளெர்க் மறுத்து வாதாடினார். அப்பொழுது விலாண்டர் நடுவரிடம் சென்று, பந்து உள்ளேதான் விழுந்தது, இவ்வாறு வெல்ல விரும்பவில்லை, புள்ளியை மீண்டும் ஆடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்புள்ளியை இழந்திருந்தால், ஆட்டம் ஐந்தாம் செட்டுக்குப் போயிருக்கவும் கூடும். இறுதியாட்டம் கைக்கு எட்டிய நிலையில் பதினேழு வயதுப் பிள்ளை இதைச் செய்தார் என்பதை நான் படித்தபோது, நம் மைதானத்தில் கோட்டுத் தகராறுகளில் நானே போட்ட கூச்சல்கள் நினைவுக்கு வந்தன. புள்ளி மீண்டும் ஆடப்பட்டது. கிளெர்க்கின் பந்து வலையில் சிக்கியது.

இறுதியில் எதிர்நின்றவர் கியேர்மோ விலாஸ்: 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு வெற்றியாளர், அதே ஆண்டில் களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்களை வென்றவர், வயது 29. முதல் செட்டை 6–1 என்று வாரிக்கொண்டார். இதோடு கதை முடிந்தது என்று பார்த்தவர் எண்ணியிருக்கலாம். ஆனால் இரண்டாம் செட் 6–6 என்று நின்று, சமன்முறிவில் விலாண்டருக்குக் கிடைத்தது. என் கருத்தில் அங்கேதான் ஆட்டம் திரும்பிற்று. விலாஸ் தம் வாழ்நாள் முழுதும் வென்ற முறை, பின்கோட்டில் நின்று எதிரியைக் களைப்படையச் செய்வது. தம்மினும் பன்னிரண்டு ஆண்டு இளையவர் அதே முறையால் தம்மையே களைப்படையச் செய்யக்கூடும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். மூன்றாம் செட் 6–0; நான்காவது 6–4. ஆட்டம் நடந்த நேரம் 4 மணி 42 நிமிடம்.

இவ்வாட்டம் சலிப்பூட்டுவது என்று குறைகூறியவர் அன்றும் உண்டு. என் அறைத் தோழன் ஒருவன் இன்றும் அதே குறையைச் சொல்கிறான்: இளைஞன் என்றால் அடித்து ஆட வேண்டாமா, கிழவனைப்போல் காத்திருப்பதா என்பது அவன் வாதம். அவன் காட்டும் சான்று 1985ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜெர்மனியின் போரிஸ் பெக்கர், விலாண்டர் வென்ற வயதினும் சில திங்கள் இளையவராக, விம்பிள்டன் பட்டத்தைச் சர்வீஸின் வலிமையால் பறித்துக்கொண்டார். மெய்தான்; ஆனால் அது புல்தரை. செங்கல் தூளில் அவ்வயதில் வென்ற மற்றொருவரைப் பாருங்கள். 1989இல் பதினேழு வயதும் மூன்று திங்களும் நிரம்பிய அமெரிக்கர் மைக்கேல் சாங், அப்போது உலகின் முதல் ஆட்டக்காரராக விளங்கிய லெண்டிலிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்தார். பிறகு கால் தசை பிடித்துக்கொண்டது. நிற்கவே இயலாத நிலையில் பந்தை உயர உயரத் தூக்கி அடித்தும், ஐந்தாம் செட்டில் ஒருமுறை கையைத் தாழ்த்திச் சர்வீஸ் போட்டும், தாங்கி நின்று வென்றார். பின்னர் பட்டமும் பெற்றார். பெக்கர் எத்தனையோ பட்டங்கள் வென்றவர். பிரெஞ்சுப் பட்டம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. விலாண்டரோ 1985லும் 1988லும் மீண்டும் பாரிஸில் வென்றார்.

அந்த 4 மணி 42 நிமிடமே பிரெஞ்சுப் போட்டியின் மிக நெடிய இறுதியாட்டம் என்று 43 ஆண்டுகள் நின்றது. 2025 ஜூன் 8ஆம் நாள், 22 வயது கார்லோஸ் அல்காரஸ், தோல்விக்கு ஒரு புள்ளியே இருந்த நிலையை மூன்று முறை கடந்து, 5 மணி 29 நிமிடத்தில் யானிக் சின்னரை வென்றபோதுதான் அக்கணக்கு மாறியது. அதைக் கண்டு மனம் மாறிய என் தோழன், பழைய ஆட்டத்தையும் பார்த்துவிடுவது என்று உறுதிகொண்டு, ஒரு ஞாயிறு இரவு அதன் படப்பதிவைத் தேடி எடுத்து உட்கார்ந்தான். இரண்டாம் செட் தொடங்குமுன் உறங்கிவிட்டான்.