இரண்டு மன்றம், ஒரு லோங்காங்

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால், கிள்ளானில் இறங்குவதற்குள் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஐந்து மாநகர் மன்றங்களின் எல்லையைக் கடந்துவிடுகிறோம். ரயிலில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. எல்லையோரத் தாமானில் வீடு வைத்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும். லோங்காங் அடைத்துக்கொண்டால் "அது எங்கள் பகுதி இல்லை" என்ற பதில் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

அப்படிப்பட்ட தாமான்களின் குடியிருப்போர் சங்கங்களுக்காகவும், மன்றங்களில் களப்பணி பார்க்கும் மேற்பார்வையாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மேயர்கள் ஒப்பந்தம் போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லோங்காங்கில் இறங்கும் ஆட்களையும் அவர்களுடைய மண்டோர்களையும் ஒன்றாக நிறுத்திப் பயிற்சி கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் எது யாருடைய பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. பெடரல் நெடுஞ்சாலையில் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அந்தப் பிரிவின் நினைவுச் சின்னம். குப்பை விஷயத்திலும் அதே கோடுதான். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது கோலாலம்பூர் அதில் சேர்ந்தது, சிலாங்கூர் சேரவில்லை. அதனால் பிரிக்ஃபீல்ட்ஸ் குப்பையை அலாம் ஃப்ளோரா லோரி எடுக்கும், கிள்ளான் குப்பையை கேடிஇபி லோரி எடுக்கும். ஆறு வடிகால் நீர்ப்பாசனத் துறையைச் சேர்ந்தது. மேன்ஹோலிலிருந்து கழிவுநீர் பொங்கினால் இண்டா வாட்டர். தாமானுக்குள் இருக்கும் லோங்காங் அந்தந்த மன்றத்தின் வேலை. இந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள்.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. சிலாங்கூர் பக்கத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மாநில அரசு நியமித்த மன்ற உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவரையும் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். கோலாலம்பூரில் சட்டமன்றமும் இல்லை, வட்டார மன்ற உறுப்பினரும் இல்லை. அங்கே நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையமும் மாநகர் மன்றத்தின் கிளை அலுவலகமும்தான் வழி. இரண்டு இடத்திலும் ஒரே கடிதத்தை, ஒரே தேதியில், ஒரே படங்களோடு கொடுங்கள். எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பிய பிரதியையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

வேறு வேறு அரசாங்கம், சேர்ந்து செய்ய முடியாது என்று அதிகாரி சொல்லலாம். குழாய்த் தண்ணீரைச் சொல்லுங்கள். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் ஆயர் சிலாங்கூர் ஒன்றே விநியோகிக்கிறது. கோலாலம்பூரில் சுகாதார வாரியம் அமைந்த அதே 1890-ஆம் ஆண்டில், பிரான்சில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் கூட்டுச் சங்கம் வைத்துப் பொது வேலைகளைச் செய்யச் சட்டமே வந்துவிட்டது. நாம் கேட்பது புதுமையான ஒன்றல்ல.

பிறகு எல்லையில் ஒரே ஒரு லோங்காங்கைத் தேர்ந்தெடுத்து, இரு பக்கத்து மண்டோர்களோடும் காலையில் நடந்து பாருங்கள். பத்து லோங்காங் வேண்டாம், ஒன்று போதும். எங்கே மண் தேங்குகிறது, எந்தக் கடைக்குப் பின்னால் எண்ணெய்க் கசடு விழுகிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் சொல்வதை ஒரு வரைபடத்தில் குறித்து, இரண்டு மன்றத்துக்கும் அதையே கொடுங்கள்.

இனிப் பயிற்சி. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எங்கள் தாமானில் ஒருமுறை மேல்பக்க ஆட்கள் அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை மழை. அவ்வளவும் கீழ்ப்பக்க லோங்காங்கில் போய் இறங்கியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கீழே என்ன நடக்கிறது என்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆகவே வகுப்பறைக்கு முன் ஆள் மாற்றம் கேளுங்கள்: ஒரு பக்கத்து மண்டோர் மாதம் ஒரு நாள் மறுபக்கக் குழுவோடு நிற்கட்டும். தூர்வாரலைத் தண்ணீர் வெளியேறும் கீழ்முனையிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும், அள்ளிய சேறு அன்றே லோரியில் ஏற வேண்டும் என்ற இரண்டையும் கண்ணால் பார்த்தால் மறக்காது.

உயிர் காக்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மூடிய லோங்காங்கில் நச்சுவாயு தேங்கும். இத்தகைய அடைபட்ட இடங்களில் வேலை செய்ய 2010-இல் வெளியான பாதுகாப்பு நெறிமுறை இருக்கிறது. காற்றைச் சோதிக்காமல் யாரும் இறங்கக் கூடாது, மேலே ஒருவர் கட்டாயம் காவல் நிற்க வேண்டும். எலிக் காய்ச்சலுக்கு பூட்ஸ், கையுறை வேண்டும். குத்தகையாளரின் ஆட்களில் பலர் வெளிநாட்டவர். மலாய் எழுத்து நிறைந்த திரையைக் காட்டினால் பயன் இல்லை, செய்து காட்டித்தான் சொல்லித்தர வேண்டும். ஒரு காலத்தில் இந்த லோங்காங்குகளில் இறங்கியவர்களில் நம் தாத்தாக்களும் உண்டு. இன்று இறங்குபவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அவருடைய பாதுகாப்பை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தொலைபேசி எடுப்பவருக்கும் அரை நாள் பயிற்சி தேவை. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் புகார் வந்தால் முடித்துவிடாமல், மறுபக்க அலுவலருக்கு அனுப்பி, அந்தப் புகார் எண்ணைக் கூப்பிட்டவரிடம் சொல்ல வேண்டும். கிள்ளான் 2024 பிப்ரவரி 5 அன்றுதான் அரச மாநகரானது. புதிய மாநகரான அங்கே இதைக் கேட்பது பொருத்தம்.

எல்லாம் சரியாக வந்தால் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்: யார் எந்த நாளில் தூர்வாருவார், சேறு எங்கே போகும், செலவு யாருடையது, இரு பக்கத்திலும் யாரைக் கூப்பிடுவது. ஆளின் பெயரைவிடப் பதவியை எழுதுங்கள், ஆட்கள் மாறிவிடுவார்கள். அடுத்த குத்தகை அறிவிப்பில் எல்லை வேலையைச் சேர்க்கச் சொல்லுங்கள். குத்தகையில் இல்லாத ஓர் அடியைக்கூட எந்தத் தொழிலாளியும் தூர்வார முடியாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை ஏப்ரலிலும் அக்டோபரிலும் பலமாகத் தொடங்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் தூர்வாரல் முடிந்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இந்த அவசரத்தை விளக்க வேண்டியதில்லை. முதல் பெருமழைக்கு மறுநாள் காலை, அதே இரண்டு மண்டோர்களையும் கூப்பிட்டு, வரைபடத்தில் குறித்த இடங்களை மறுபடி நடந்து பாருங்கள். மண் எங்கே நின்றிருக்கிறதோ அங்கிருந்து அடுத்த மாதப் பயிற்சியைத் தொடங்குங்கள்.