“இளைச்சுட்டியே” என்று தொடங்காதீர்கள்

வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கம் கல்யாண வீட்டில் முதல் விசாரிப்பே “என்ன இப்படி இளைச்சுட்ட?” அல்லது “நல்லா குண்டாயிட்டியே!” என்பதுதான். பாசத்தில் கேட்கிறோம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை மாதக்கணக்கில் மனசில் கிடந்து உறுத்தும். “எப்படிம்மா இருக்க?” போதுமே.

இளைப்பதற்காகக் காலைச் சாப்பாட்டை விடும் பிள்ளையைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். விட்ட பசி மதியம் சேர்த்துத்தான் வரும்.

மல்லாட்டையை (வேர்க்கடலையை) கொழுப்பு என்று ஒதுக்காதீர்கள். காய்ந்த பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழோடு ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை நல்ல சாப்பாடு. “போதும்” என்று பிள்ளை சொன்னால், மேலும் ஒரு கரண்டி போடாதீர்கள்.

சாப்பிட்டதும் ஒளிந்து வாந்தி எடுப்பது, எடை வேகமாகக் குறைவது, மாதவிலக்கு நின்றுபோவது: இவை பிடிவாதமல்ல, நோயின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.