எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்டால் போதுமா? மெமரி கார்டு வாங்கப் பழகுவோம்



மெமரி கார்டு வாங்கக் கடைக்குப் போனால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி?" அடுத்துக் கேட்பது, "எவ்வளவு ரூபாய்?" இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கார்டை நம்பித்தான் மகளின் நிக்காஹ் வீடியோ இருக்கிறது. வாசல் கேமராவின் பதிவு இருக்கிறது. இன்று நம்முடன் இல்லாத அத்தாவின் குரலும் சில வீடுகளில் அதில்தான் இருக்கிறது. இந்த வேலைகள் ஒரே மாதிரியானவை அல்ல, கார்டுகளும் அப்படித்தான். எந்த வேலைக்கு எந்தக் கார்டு என்பதை இந்த மாதப் பாடமாகப் படிப்போம்.

விரல் நகத்தளவு உள்ள இந்த மைக்ரோ எஸ்டி கார்டின் நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர், கனம் 1 மில்லிமீட்டர். சான்டிஸ்க் நிறுவனம் 2004இல் 'டிரான்ஸ்ஃப்ளாஷ்' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தது. மறு ஆண்டே எஸ்டி சங்கம் இதை ஏற்றுக்கொண்டு மைக்ரோ எஸ்டி என்று பெயரிட்டது. பானாசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 2000இல் தொடங்கிய அமைப்பு அது. கார்டின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் குறிகளுக்கு விதி வகுப்பது இந்தச் சங்கம்தான். அந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

பெரிய எழுத்தில் இருப்பது எந்த வேகம்?

அட்டைப் பெட்டியில் பெரிதாக "நொடிக்கு 100 மெகாபைட் வரை" என்று போட்டிருப்பார்கள். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'வரை' என்ற சொல். எல்லாம் சரியாக அமைந்தால் எட்டக்கூடிய உச்சம் அது. மற்றொன்று, அது பெரும்பாலும் படிக்கும் வேகம். கார்டில் இருப்பதை எடுத்துப் பார்ப்பது படிப்பது. புதிதாகப் பதிவது எழுதுவது. எழுதும் வேகம் அநேகமாக எப்போதும் குறைவாகவே இருக்கும்.

காரணம் எளிது. மதரஸாப் பிள்ளைகளின் சிலேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதியதைப் படிக்க ஒரு பார்வை போதும். ஏற்கனவே எழுதிய இடத்தில் மறுபடி எழுத வேண்டுமானால் முதலில் அழிக்க வேண்டும். கார்டின் உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒரு எழுத்தை மட்டும் தனியாக அழிக்க முடியாது. ஒரு பெரிய பகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அதனால்தான் எழுதுவதற்கு நேரம் பிடிக்கிறது. சில கார்டுகள் முதல் சில நிமிடங்கள் வேகமாக எழுதிவிட்டுப் பிறகு தளர்ந்துவிடும். கடைக்காரர் ஒரு சின்னப் பாட்டைக் காப்பி செய்து காட்டி "பாருங்க, எவ்வளவு வேகம்" என்று சொன்னால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கார்டைச் செருகும் கருவிக்கும் இதில் பங்கு உண்டு. இன்று நாம் வாங்கும் கார்டுகளில் மிகப் பெரும்பாலானவை யூஎச்எஸ் முதல் வகை. கார்டின் மேல் ரோமன் எழுத்தில் ஒற்றைக் கோடு இருந்தால் அது இந்த வகை. இதன் விதிப்படி உச்ச வேகம் நொடிக்கு 104 மெகாபைட். 160, 200 என்று போட்டிருக்கும் கார்டுகள் அந்த வேகத்தைக் காட்டுவது, தயாரிப்பாளர் சொல்லும் தனி ரீடரில் போடும்போதுதான். பழைய யூஎஸ்பி 2.0 ரீடரில் எந்தக் கார்டைப் போட்டாலும் ஏறத்தாழ 30 முதல் 40 மெகாபைட்டைத் தாண்டாது. 32 ஜிபி படங்களைக் கணினிக்கு மாற்ற, நொடிக்கு 90 மெகாபைட் கிடைத்தால் ஆறு நிமிடம். 30 கிடைத்தால் பதினெட்டு நிமிடம். கார்டுக்கு அதிகப் பணம் கொடுத்துவிட்டு ரீடர் பழையதாக இருந்தால் அந்தப் பணம் வீண்.

சின்னக் குறிகள் சொல்வது என்ன?

பெரிய எழுத்து சொல்வது உச்சம். சின்னக் குறி சொல்வது, தொடர்ந்து எழுதும்போது வேகம் இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதி. நமக்கு வேண்டியது இதுதான்.

'சி' போன்ற வட்டத்துக்குள் 10: நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும்.

ஆங்கில 'யூ' எழுத்துக்குள் 1: அதுவும் 10 மெகாபைட்தான். உள்ளே 3 இருந்தால் 30 மெகாபைட்.

'வி' எழுத்தை அடுத்து 30, 60, 90: அதே எண்ணிக்கையில் மெகாபைட். இது வீடியோவுக்கான குறி.

'ஏ1', 'ஏ2': சின்னச் சின்னத் துண்டுகளை மாறி மாறி எடுத்து வைக்கும் திறன். ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை படித்து 500 முறை எழுத வேண்டும். ஏ2 என்றால் 4000 முறையும் 2000 முறையும்.

எந்த வேலைக்கு எந்தக் கார்டு?

முதலாவது, விசேஷ வீடியோ. கேமராக்காரர்கள் சொல்லும் அளவு மெகாபிட்டில் இருக்கும். அதை எட்டால் வகுத்தால் மெகாபைட். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இதற்கு யூ3 அல்லது வி30 குறி உள்ள கார்டு போதும். வி90 தேவையில்லை. ஆனால் 10 மெகாபைட் மட்டுமே உறுதி தரும் கார்டைப் போட்டால், அது தளரும் நேரத்தில் கேமரா பதிவை நிறுத்திவிடக்கூடும். நிக்காஹ்வை இன்னொரு முறை நடத்திப் படம் எடுக்க முடியாது.

இரண்டாவது, கைபேசி. செயலிகளைக் கார்டில் வைப்பவர்கள் ஏ1 குறியைப் பார்த்து வாங்குங்கள். ஏ2 கார்டின் முழுப் பலன் கிடைக்க, கைபேசியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் விலைக்குப் பெரிய லாபம் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: கார்டைக் கைபேசியின் உள் நினைவகமாக மாற்றும் வசதி சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உண்டு. அப்படி மாற்றிய கார்டை வேறு கருவியில் படிக்க முடியாது. கைபேசி பழுதானால் படங்களும் அதனுடன் போகும். படங்களைச் சேமிப்பவர்கள் இந்த வசதியைத் தொடாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, வாசல் கேமரா. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று கேமரா பொருத்தச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, நம் அண்ணனூர்த் தெருக்களிலும் வீட்டுக்கு வீடு கேமரா வந்துவிட்டது. இதற்கு வேகம் அவ்வளவாகத் தேவையில்லை. நொடிக்கு 2 மெகாபிட் பதியும் கேமரா எழுதுவது கால் மெகாபைட்தான். ஆனால் அது இரவு பகலாக எழுதுகிறது. ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 64 ஜிபி கார்டு மூன்று நாளில் நிறைந்து, பழையதை அழித்து மறுபடி எழுதத் தொடங்கும். ஆண்டுக்குச் சுமார் 120 முறை முழுக் கார்டும் எழுதி அழிக்கப்படுகிறது. ஃப்ளாஷ் நினைவகம் இத்தனை முறைதான் தாங்கும் என்று ஒரு வரம்பு இருப்பதால், கேமராவுக்கு 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்டிருக்கும் கார்டே பொருத்தம்.

பெருநாளுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பாருங்கள். நான்காம் நாள் திரும்பி வந்தாலும் முதல் நாள் பதிவு 64 ஜிபி கார்டில் இருக்காது. இதே கேமராவுக்கு 256 ஜிபி கார்டு ஏறத்தாழ 12 நாள் தாங்கும். அவ்வளவு பெரிய கார்டை உங்கள் கேமரா ஏற்குமா என்று முதலில் அதன் கையேட்டில் பாருங்கள்.

தேய்ந்த கார்டு சொல்லிக்கொண்டு கெட்டுப்போவதில்லை. கேமராவில் விளக்கு எரியும். கைபேசியில் நேரலைக் காட்சியும் வரும். பதிவு மட்டும் இருக்காது. பைக் காணாமல் போய், காவலர் பதிவைக் கேட்கும்போதுதான் அது தெரியவரும். எனவே மாதம் ஒரு முறை, நேற்றைய பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

போலிக் கார்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

512 ஜிபி என்று எழுதி மிக மலிவாக விற்கும் கார்டுகளில் உண்மையில் 16 அல்லது 32 ஜிபி மட்டும் இருப்பது உண்டு. கருவியிடம் பொய்யான அளவைச் சொல்லும்படி உள்ளே மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகும் கோப்பின் பெயர் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது.

இதைச் சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச விண்டோஸ் மென்பொருள் உள்ளது. லினக்ஸ், மேக் கணினிகளுக்கு எஃப்3 என்பது உள்ளது. இவை கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். எழுதும் வேகம், படிக்கும் வேகம் இரண்டையும் சேர்த்தே காட்டும். 64 ஜிபி கார்டில் நொடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் எழுதினால் சுமார் 53 நிமிடம் ஆகும். பொறுமையாக முடிய விடுங்கள். ஒரு விளக்கம்: 64 ஜிபி கார்டு கணினியில் 59.6 என்று காட்டும். இது மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் கணக்கில் எண்ணுகிறார். விண்டோஸ் 1024இன் கணக்கில் எண்ணுகிறது.

மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் ரிச்சி தெருவில் வாங்கினாலும், இணையத்தில் வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நமக்கு அது திருவள்ளூர். மொபைல் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: 'முதஃப்பிஃபீன்' அத்தியாயம் கண்டிக்கும் அளவு மோசடி தராசோடும் படியோடும் நின்றுவிடவில்லை. ஜிபியும் ஓர் அளவுதான்.

கடைசியாக, அத்தாவின் குரல். அதற்கு எந்த வேகமான கார்டும் காவல் இல்லை. பயன்படுத்தாமல் பீரோவில் பல வருடம் கிடக்கும் கார்டிலும் பதிவு மெல்ல மெல்லக் கெடலாம். கணினியில் ஒன்று, வேறொரு டிஸ்க்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் ஒன்று என மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் புதிதாக வாங்கிய கார்டை நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், சோதித்துத் தருகிறோம். படங்கள் எதுவும் ஏற்றாத காலி கார்டாக இருக்கட்டும். பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.