உலையருகே நின்றவர் யார்? நீராவிப் புனைவு: ஓர் அறிமுகம்

முன்னுரை

அறிவியல் புனைவு என்றதும் வருங்காலம்தான் நம் நினைவுக்கு வரும். விண்கலம், இயந்திர மனிதன், வேற்றுக்கோள் என்று கற்பனை முன்னோக்கியே ஓடும். ஆனால், பின்னோக்கிச் செல்லும் அறிவியல் புனைவு ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அதனை ‘ஸ்டீம்பங்க்’ என்பர். தமிழில் ‘நீராவிப் புனைவு’ எனலாம். மின்சாரமும் பெட்ரோலும் உலகை ஆளாமல், 19ஆம் நூற்றாண்டின் நீராவியே தொடர்ந்து ஆண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே இதன் அடிப்படைக் கேள்வி. தமிழர்களாகிய நாம் அதனிடம் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியும் உண்டு.

தோற்றமும் வளர்ச்சியும்

இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர். தாமும் டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் ஆகியோரும் எழுதிவந்த கதைகளைக் குறிக்க, 1987இல் ‘லோகஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1990இல் வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் இணைந்து ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவலை வெளியிட்டனர். சார்லஸ் பாபேஜ் வடிவமைத்தும் தம் காலத்தில் முழுமையாகச் செய்து முடிக்க இயலாமற்போன கணிப்பொறி, அந்நாவலில் வெற்றி பெற்றுவிடுகிறது. கணினி யுகம் ஒரு நூற்றாண்டு முன்னதாகவே பிறந்துவிடுகிறது.

பின்னர் இது ஏட்டோடு நிற்கவில்லை. பித்தளைப் பற்சக்கரம், காப்புக் கண்ணாடி, உயர்ந்த தொப்பி ஆகியவற்றை அணிந்து இரசிகர்கள் ஒன்றுகூடினர். விசைப்பலகையைப் பழைய தட்டச்சுப் பொறிபோல் மாற்றியமைத்தனர். 2004இல் வந்த ‘ஸ்டீம்பாய்’ என்ற ஜப்பானிய உயிரோவியப் படமும் இதே உலகைக் காட்டியது.

இரும்பு யானை

இவ்வகைக்கு முன்னோடி பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன். 1880இல் வெளிவந்த அவருடைய ‘நீராவி வீடு’ நாவலின் களம் இந்தியா. நீராவியால் நடக்கும் இரும்பு யானை ஒன்று, சக்கரம் பூட்டிய இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவைச் சுற்றுகிறது. வீட்டினுள் ஐரோப்பியர்கள் சுகமாகப் பயணம் செய்கின்றனர். யானையை ஓட்டுபவர் ஓர் ஆங்கிலேயர். உலைக்கு நெருப்பிடுபவரோ ஓர் இந்தியர்!

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. நீராவி யுகத்தை அழகான யுகமாகக் காட்டும்பொழுது, உலையருகே நின்றவர்களை யார் எழுதுவது?

கப்பலும் செக்கும்

நம் வரலாற்றில் நீராவியைக் கையிலெடுத்த தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தை வெகுவாகக் குறைத்துப் போட்டியிட்டது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் அவர் கண்ட நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பல் ஓட்டியவரைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தனர். இயந்திர யுகத்தில் மனித உடலையே இயந்திரமாக்கிய தண்டனை அது.

அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல்களில்தான் நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு வந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. நம் மூத்தோர் இன்றும் பேசும் ‘ரஜூலா’ அந்நிறுவனத்தின் கப்பலே.

நம் மண்ணில்

1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே மலாயாவின் முதல் நீராவி இரயில் சேவை தொடங்கியது. அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதை பல்லாயிரம் தோட்டத் தமிழரைப் பலிகொண்டது. அத்துயரத்தை ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலாக்கினார்.

ஜொகூரிலும் ஒரு கதைக்கரு காத்திருக்கிறது. 1869இல் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாயை நோக்கி மரத்தாலான தண்டவாளம் போடத் தொடங்கினர். மரத்தைக் கரையான் அரித்தது, திட்டம் கைவிடப்பட்டது. கரையான் வென்றிராவிட்டால்? அந்த இரயில் ஒருநாள் மாசாய் ரப்பர்த் தோட்டங்கள் வரையிலும் நீண்டிருந்தால்? அதன் உலைக்கு விறகு போட்டிருக்கக் கூடியவர் யார்?

இத்தகைய கேள்விகளை நம் வட்டாரத்தினர் கேட்கத் தொடங்கிவிட்டனர். மலேசியாவில் பிறந்த ஜேமி கோவும் சிங்கப்பூரின் ஜாய்ஸ் சிங்கும் தொகுத்த தென்கிழக்காசிய நீராவிப் புனைவுக் கதைகள் 2015இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன.

முடிவுரை

நீராவிப் புனைவு வெறும் பித்தளை அலங்காரமன்று. வரலாற்றில் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு அளிக்கும் கலையும் ஆகும். சுதேசிக் கப்பல் கலைக்கப்படாமல் பினாங்குத் துறைமுகம் வரை வந்திருந்தால், அதிலிருந்து இறங்கியவர்கள் கூலிகளாக இறங்கியிருப்பார்களா, பங்குதாரர்களாக இறங்கியிருப்பார்களா? இந்தக் கதையை வேறு எவரும் நமக்காக எழுதித் தரப்போவதில்லை. தோட்டத்துப் பாட்டிமார்களின் கப்பல் நினைவுகளைக் கேட்டறியும் வாய்ப்பு இன்னும் சில காலமே உண்டு. மாணவ நண்பர்களே, முதலில் கேட்போம், பிறகு எழுதுவோம்.